எல்டருக்கு ஐநூறு டாலர் குடுக்க நான் பட்ட பாடு

கனடாவுல யூனிவர்சிட்டி, காலேஜ்ல அட்மின் வேலை பாக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்க, டொரோன்டோ பக்கம் எந்த டிபார்ட்மெண்ட் ஆபீஸுக்குள்ள நுழைஞ்சாலும் ஒரு தமிழ் முகமாவது கண்ணுல படும். உங்களுக்கும் என்னைக்காவது ஒரு நாள் "கெஸ்ட் ஸ்பீக்கர் வர்றாங்க, ஹானரேரியம் அரேஞ்ச் பண்ணிடுங்க"ன்னு ஒத்தை வரி ஈமெயில் வரும். ஹானரேரியம்னா பேச வர்றவங்களுக்கு மரியாதையாக் குடுக்கிற தொகை. அந்த ஒத்தை வரிக்குப் பின்னாடி வருமான வரி, பென்ஷன், புகையிலை, தபால் ஸ்ட்ரைக்னு இவ்ளோ விஷயம் வரிசை கட்டி நிக்கும்னு எனக்கு யாருமே சொல்லல. காசு போச்சு, தூக்கம் போச்சு, பெரியவங்க ஒருத்தங்க முன்னாடி கூனிக் குறுகி நிக்க வேண்டியதாவும் போச்சு. அடுத்து வர்றவங்களுக்காவது உபயோகப்படட்டும்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

நடந்தது 2024 நவம்பர்ல. ஒன்டாரியோவுல நவம்பர் முதல் முழு வாரத்தை ட்ரீட்டீஸ் ரெகக்னிஷன் வீக்னு 2016-லேருந்து கடைப்பிடிக்கிறாங்க, பூர்வகுடி மக்களோட போட்ட ஒப்பந்தங்களைப் பத்திப் பேசுற வாரம். எங்க ப்ரொபசர் ஒருத்தர் அதுக்கு ஒரு நாள் நிகழ்ச்சி போடணும்னு கெளம்பினார். நான் அப்ப கான்ட்ராக்ட்ல இருந்த கோஆர்டினேட்டர். எனக்கு முன்னாடி இருந்தவங்க வேற வேலை கிடைச்சு போயிட்டாங்க, ஹேண்டோவர்னு பாத்தா ஒரு பழைய எக்செல் ஷீட்டு, அவ்ளோதான். கூப்பிட்டது ரெண்டு பேரை. நிகழ்ச்சியைத் தொடங்கி வெச்சு, மத்தியானம் ஸ்டூடன்ட்ஸோட உக்காந்து பேச ஒன்டாரியோவோட வடக்குப் பக்கம் இருக்கிற மானிட்டூலின் தீவுப் பக்கத்துலேருந்து, அனிஷினாபேங்கிற பூர்வகுடி மக்கள்ல ஒரு எல்டர், அதாவது அவங்க மதிக்கிற மூத்த பெரியவங்க, எழுபது வயசைத் தாண்டினவங்க. பாட்டின்னே சொல்றேன் இங்க. இன்னொருத்தர் முக்கியப் பேச்சாளர், பார்டருக்கு அந்தப் பக்கம் நியூயார்க் மாநிலத்துல இருக்கிற ஹோடனொசோனிங்கிற பூர்வகுடி மக்களைச் சேர்ந்த ப்ரொபசர்.

நிகழ்ச்சியோட விஷயமே காசும் ஒப்பந்தமும்தான்ங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க. இப்ப டொரோன்டோ இருக்கிற நிலத்தை மிசிசாகா மக்கள்கிட்டேருந்து 1787-ல வாங்கினதா வெள்ளைக்காரன் சொன்னான், அப்புறம் பாத்தா பத்திரத்துல ஒண்ணுமே எழுதல, வெத்துப் பேப்பர். திரும்ப 1805-ல உக்காந்து எழுதி, ரெண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல இருக்கிற நிலத்துக்குப் பத்து ஷில்லிங் குடுத்தாங்க. 2010-லதான் கனடா அரசாங்கம் 145 மில்லியன் டாலர் குடுத்து அந்தக் கணக்கை முடிச்சுது. இதையெல்லாம் ஸ்லைடு போட்டுப் பேசுற நிகழ்ச்சிக்கு வந்த பாட்டிக்கு நாங்க வண்டிக் காசு குடுத்தது ஜனவரியில. எரிச்சல் வருமா வராதா சொல்லுங்க.

சரி, ஆரம்பத்துலேருந்து வரேன். முதல் விஷயம் புகையிலை. பாட்டியைக் கூப்பிட போன் நம்பர் வாங்கப் போனப்ப எங்க கேம்பஸ்ல இருக்கிற பூர்வகுடி ஸ்டூடன்ட் சென்டர்ல இருந்தவங்கதான் சொன்னாங்க, அனிஷினாபே எல்டர்கிட்ட ஒரு காரியம் கேக்கணும்னா கேக்கும்போதே புகையிலை வெச்சுக் கேக்கணும்னு. அவங்க அதைக் கையில வாங்கிக்கிட்டா சம்மதம்னு அர்த்தம், வாங்கலேன்னா அதோட விட்டுடணும், வற்புறுத்தக் கூடாது. நம்ம ஊர்ல வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் கிப்ட் பையில போட்டுக் குடுக்கிற ஐட்டம் கிடையாது. எனக்கு இது சட்டுனு பிடிபட்டுச்சு, ப்ரொபசருக்குத்தான் புரிய வைக்க நேரமாச்சு. சிவப்புக் காட்டன் துணியைச் சதுரமா வெட்டி, நடுவுல ஒரு பிடி புகையிலை வெச்சு, மூட்டை மாதிரி சுருட்டி, அதே துணியில கிழிச்ச நாடாவால கட்டணும். ராத்திரி சாப்பாட்டு மேசையில உக்காந்து கட்டினேன், வீடே மணத்துச்சு, பையன் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடினான். அவங்க ஊர்ப் பக்கம் போற சென்டர் ஸ்டாஃப் ஒருத்தர் கையோட எடுத்துட்டுப் போய்க் குடுத்தார். இதுல ஆபீஸ் சிக்கல் என்னன்னா, எங்க யூனிவர்சிட்டி பர்ச்சேஸ் கார்டுல புகையிலை வாங்கக் கூடாது, மதுவும் புகையிலையும் ஒரே வரியில தடை. சடங்குக்குன்னு சொல்லி முன்கூட்டியே விதிவிலக்கு வாங்கணும். உங்க இடத்துலயும் அப்படித்தான் இருக்க வாய்ப்பு அதிகம், கடைக்குப் போறதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, எல்லாப் பூர்வகுடி மக்களுக்கும் இந்தப் பழக்கம்னு நெனைச்சுடாதீங்க. வட துருவப் பக்கத்து இன்யூட் மக்கள்கிட்ட இது கிடையாது, பசிபிக் கரைப் பக்கம் முறையே வேற. வர்றவங்க எந்த ஊர், எந்த மக்கள்னு தெரிஞ்சுக்கிட்டு, அவங்ககிட்டயோ உங்க கேம்பஸ் சென்டர்லயோ கேக்குறதுதான் ஒரே வழி.

ப்ரோக்ராம் ஷீட்ல ப்ரொபசர் "வெல்கம்"னு பாட்டி பேரைப் போட்டிருந்தார். பாட்டி போன்லயே சொல்லிட்டாங்க, டொரோன்டோ என் நிலம் இல்ல, உங்களை வாங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல, பிரார்த்தனை சொல்லித் தொடங்கி வெக்கிறேன், வரவேற்பு வேணும்னா மிசிசாகா ஆளுங்களைக் கூப்பிடுங்கன்னு. பிரிண்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மாத்தினோம், நல்லவேளை.

அடுத்தது தொகை. ப்ரொபசர் பட்ஜெட்ல பாட்டிக்கு 200 டாலர், முக்கியப் பேச்சாளருக்கு 1500. ஏன் இப்படின்னு கேட்டா, "அவங்க தொடங்கி வெக்கிறது பத்து நிமிஷம்தானே"ன்னார். எனக்கு அங்கேயே சுர்ருன்னு ஏறுச்சு. அந்தப் பத்து நிமிஷத்துக்கு அவங்க எவ்ளோ தூரம் வரணும் தெரியுமா? தீவுலேருந்து டோபர்மோரி போற ஃபெரி அக்டோபர் பாதியோட சீசன் முடிஞ்சு நின்னுடும், அப்புறம் லிட்டில் கரன்ட் பாலம் வழியா எஸ்பனோலா, சட்பரி சுத்தித்தான் கார்ல வரணும், ஒரு வழிக்கு ஐநூறு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும், நவம்பர்ல அந்த ரோட்ல பனி விழலாம். மத்தியானம் முழுக்க ஸ்டூடன்ட்ஸோட வேற உக்காரணும். போராடி 500 ஆக்கினேன், மனசார சொல்றேன், அதுவே கம்மி. எல்டர் பெரும்பாலும் தனியா வரமாட்டாங்க, கூட ஹெல்ப்பர் ஒருத்தர் வருவார், வண்டி ஓட்ட, சாமானைத் தூக்க, அவங்களுக்குக் கண்ணும் கையுமா இருக்க. அந்த ஹெல்ப்பருக்கும் ரூம் வேணும், சாப்பாடு வேணும், ஒரு தொகையும் குடுக்கணும். எங்க பட்ஜெட்ல அப்படி ஒரு ஆளே கிடையாது. நீங்க பட்ஜெட் போடும்போது "எத்தனை பேர் வருவீங்க, எந்த வழியா, எத்தனை ராத்திரி தங்குவீங்க"ன்னு போன்ல கேட்டுட்டு அப்புறம் எக்செலைத் திறங்க.

இப்ப வரேன் ஃபார்முக்கு. எங்க பைனான்ஸ் சிஸ்டத்துல யாருக்குக் காசு குடுக்கணும்னாலும் அவங்க சப்ளையரா பதிவாகணும். பேப்பர் டவல் விக்கிற கம்பெனிக்கும் எழுபது வயசு எல்டருக்கும் ஒரே ஃபார்ம். ஈமெயில் முகவரி கட்டாயம், பாட்டிக்கு ஈமெயில் இல்ல. தெரு முகவரி கட்டாயம், அவங்களுக்கு போஸ்ட் ஆபீஸ்ல பி.ஓ. பாக்ஸ். வாய்ட் செக் (அக்கவுண்ட் நம்பர் தெரியறதுக்காக, ரத்துன்னு எழுதிக் குடுக்கிற செக்) கட்டாயம், அவங்க செக் புக்கே வெச்சுக்கல. சின் நம்பர் (வரிக்கெல்லாம் கேக்குற சோஷியல் இன்ஷூரன்ஸ் நம்பர்) கட்டாயம். அந்த நம்பரை ஈமெயில்ல ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லுன்னு பைனான்ஸ்லேருந்து சொன்னப்ப நான் முடியாதுன்னுட்டேன், சின் நம்பரை ஈமெயில்ல யாருமே அனுப்பக் கூடாது. பாட்டிகிட்ட தயங்கித் தயங்கிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எங்க ஆளுங்ககிட்ட ஃபார்ம் நீட்டினவங்க யாரும் நல்லதுக்கு நீட்டினதில்ல கண்ணு, நான் வந்து பேசுறேன், அந்தப் பேப்பர் வேண்டாம்"னாங்க. அவங்க தலைமுறையில ரெசிடென்ஷியல் ஸ்கூல்ங்கிற, பூர்வகுடிப் பிள்ளைங்களைக் குடும்பத்துலேருந்து பிரிச்சு வெச்ச ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்குப் பிடிச்சுட்டுப் போய் நம்பர் போட்டு வளத்த பிள்ளைங்க எத்தனையோ பேர். நான் என்னன்னு பதில் சொல்றது?

பின்னாடி நானே தோண்டித் தெரிஞ்சுக்கிட்டது இது, நல்லாக் கவனிச்சுக்கோங்க. ஹானரேரியம் வாங்குறவங்களுக்கு அது வருமானம்தான், ஆனா ஒரே வருஷத்துல ஒருத்தருக்கு மொத்தம் 500 டாலரைத் தாண்டினாலோ, வரி பிடிச்சிருந்தாலோதான் யூனிவர்சிட்டி டி4ஏங்கிற வருமான வரி ஸ்லிப் போட்டாகணும். தாண்டினாக்கூட சின் நம்பர் கேட்டுப் பாக்குறதுதான் நம்ம கடமை, கிடைக்கலேன்னா அந்தக் கட்டத்துல ஒன்பது சைபர் போட்டு அனுப்பலாம்னு சி.ஆர்.ஏ-வே (கனடா வருமான வரித் துறை) வழி வெச்சிருக்கு. ஆக சின் இல்லாம காசு குடுக்கக் கூடாதுன்னு சட்டம் சொல்லல, எங்க சாஃப்ட்வேர்தான் சொல்லுச்சு. இந்த வித்தியாசம் எனக்கு செப்டம்பர்ல தெரிஞ்சிருந்தா பைனான்ஸ் மேனேஜர்கிட்ட நேராப் போய் உக்காந்திருப்பேன்.

இதுக்குன்னே ஒரு வழி இருக்கத்தான் இருக்கு. நிறைய யூனிவர்சிட்டியில எல்டர் ஹானரேரியத்துக்குன்னு கேஷ் அட்வான்ஸ் வாங்கலாம், கவர்ல ரொக்கமா வெச்சு, சாப்பாட்டுக்கு முன்னாடியோ கெளம்பும்போதோ கையில குடுக்கிறதுதான் மரியாதை. எங்க இடத்துலயும் அது இருந்துச்சு, ஆனா டீன் ஆபீஸ் கையெழுத்து, அப்புறம் பைனான்ஸ் கையெழுத்துன்னு இழுத்துக்கிட்டே போச்சு. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் பணம் வரல. பாட்டியும் ஹெல்ப்பரும் அதுக்குள்ள ரோட்ல வந்துக்கிட்டு இருக்காங்க. ஹோட்டல் பில் நேரா யூனிவர்சிட்டிக்கே போற டைரக்ட் பில்லிங் கையெழுத்தாகல, சரின்னு என் கிரெடிட் கார்டைத் தேய்ச்சேன், ரெண்டு ரூம் ரெண்டு ராத்திரி, 900 டாலரைத் தாண்டுச்சு. அப்புறம் ஏ.டி.எம். போய் என் சேவிங்ஸ்லேருந்து 650 எடுத்தேன், பாட்டிக்கு 500, ஹெல்ப்பருக்கு 150. திரும்பி வருமா வராதான்னு சந்தேகம் இருந்துச்சு, தெரிஞ்சேதான் எடுத்தேன், வெறுங்கையோட அவங்களை அனுப்ப எனக்கு மனசு வரல. வீட்டுக்காரர்கிட்ட சொன்னப்ப, "உன் கான்ட்ராக்ட் டிசம்பர்ல முடியுது, நீ யூனிவர்சிட்டிக்குக் கடன் குடுக்கிறியா"ன்னு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

நிகழ்ச்சி நல்லா நடந்துச்சு, அதைப் பத்தி நீட்டல. சேஜ் இலையைக் கொளுத்திப் புகை காட்டுறதுக்கு பில்டிங் ஆளுங்ககிட்ட முன்னாடியே சொல்லி அந்த ரூம் ஸ்மோக் சென்சரை நிறுத்தி வெச்சிருந்தோம், அதை மறந்துடாதீங்க, இல்லேன்னா பிரார்த்தனை நடுவுல ஃபயர் என்ஜின் வந்து நிக்கும்.

கையில காசு குடுத்தா ரசீது வேணும். எல்டர் கையில கவரைக் குடுத்துட்டு உடனே "இதுல ஒரு கையெழுத்து"ன்னு பேனாவை நீட்டுறது பாக்கவே நல்லா இருக்காது. சென்டர் ஆளு சொன்ன மாதிரி, குடுத்தவர் ஒருத்தர், பாத்த சாட்சி ஒருத்தர்னு நானும் அவரும் கையெழுத்துப் போட்டோம். இந்த முறையை உங்க பைனான்ஸ் ஏத்துக்குமான்னு முன்னாடியே ஒரு ஈமெயில்ல எழுதி வாங்கி வெச்சுக்கோங்க, வாய்ப் பேச்சு வேலைக்கு ஆகாது. ஏன் சொல்றேன்னா, நான் எக்ஸ்பென்ஸ் க்ளெய்ம் போட்டேன், ஹோட்டல் காசு மட்டும் ரெண்டு மாசம் கழிச்சு வந்துச்சு, அதுக்குள்ள கார்டுல வட்டி ஏறி நின்னுச்சு, வட்டியை யாரும் குடுக்கல. 650 க்ளெய்ம் திரும்பி வந்துடுச்சு. காரணம், ஒரு ஊழியர் தன் காசுலேருந்து வேற ஒருத்தருக்கு சேவைக் கட்டணம் குடுத்துட்டு அதை எக்ஸ்பென்ஸா கேக்க முடியாதாம், சேவைக்குக் காசு போகணும்னா சப்ளையர் பதிவு வழியாத்தான் போகணுமாம். ரூல் என்னவோ நிஜம்தான், நிறைய இடத்துல இருக்கு, யாரும் வரி ஏய்க்கக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. ஆனா அதே வாரம் மத்தியானச் சாண்ட்விச் குடுத்த கேட்டரிங் கம்பெனிக்குக் காசு போய்ச் சேந்துடுச்சு, அவங்க ஏற்கெனவே சிஸ்டத்துல இருக்கிற சப்ளையராச்சே. கோவத்துல ரெஸ்ட்ரூம்ல போய் அழுதேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். கடைசியில டிபார்ட்மெண்ட் தலைவர் தன்னோட தனி நிதியிலேருந்து 500-ஐ ஏற்பாடு பண்ணிக் குடுத்தார், மார்ச்ல வந்துச்சு. ஹெல்ப்பருக்குக் குடுத்த 150 போனது போனதுதான். எவ்ளோ நல்ல எண்ணமா இருந்தாலும் உங்க காசைப் போடாதீங்கன்னு சொல்ல ஆசைதான், ஆனா அந்த ராத்திரி திரும்ப வந்தா நானும் அதையேதான் பண்ணுவேன். அதனால அந்த ராத்திரியே வராத மாதிரி, கேஷ் அட்வான்ஸ் ஃபார்மை அழைப்பு போற அன்னைக்கே போட்டுடுங்க.

இப்ப நியூயார்க் ப்ரொபசர் கதை. அவருக்குப் பேசின தொகை 1500, செக்ல வந்தது 1275. கனடாவுல வசிக்காத ஒருத்தர் இங்க வந்து ஒரு சேவை செஞ்சு காசு வாங்கினா, வருமான வரி ரெகுலேஷன் 105 படி 15 சதவீதத்தைப் பிடிச்சு சி.ஆர்.ஏ-வுக்குக் கட்டியாகணும், பிடிக்காம விட்டா குடுத்தவங்க தலையில விழும். இது எல்லா வெளிநாட்டுப் பேச்சாளருக்கும் உண்டு. பிடிக்க வேண்டாம்னா ஆர்105 வெய்வர்னு விலக்குக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு, பேச்சுக்கு முப்பது நாளுக்கு முன்னாடியாவது அனுப்பணும். இல்லேன்னா அவர் அடுத்த வருஷம் கனடாவுல டேக்ஸ் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்கணும், அதுக்குத் தனியா ஒரு டேக்ஸ் நம்பர் எடுக்கணும், இருநூத்திச் சொச்சம் டாலருக்கு யார் அவ்ளோ மெனக்கெடுவா? இதை எங்க பைனான்ஸ் சொன்னது பேச்செல்லாம் முடிஞ்சு அவர் ஊர் போய்ச் சேந்தப்புறம். சிஸ்டத்துல அவர் பேருக்கு எதிர்ல வெளிநாட்டவர்னு ஒரு கட்டத்துல டிக் போடணும், அதுக்கு அவர் கையெழுத்து வேணும். ஹோடனொசோனி மக்களோட நிலம் இந்தப் பார்டர் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் இருந்தது. அக்வேசாஸ்னேன்னு ஒரு ஊர், ஒரே சமூகம், ஒன்டாரியோ, கியூபெக், நியூயார்க்னு மூணு துண்டாக் கெடக்கு. 1794-ல பிரிட்டனும் அமெரிக்காவும் போட்ட ஜே ட்ரீட்டியில பூர்வகுடி மக்கள் பார்டரைத் தடையில்லாம தாண்டலாம்னு எழுதியிருக்கு, அமெரிக்கா அதை இன்னைக்கும் மதிக்குது, கனடா சுப்ரீம் கோர்ட் 1956-லயே அதைத் தனிச் சட்டமாக்காததால இங்க செல்லாதுன்னு சொல்லிடுச்சு. இதைப் பத்தித்தான் மனுஷன் எங்க மேடையில ஒரு மணி நேரம் பேசிட்டுப் போனார், அவருக்குத்தான் நாங்க வெளிநாட்டவர் ஃபார்ம் அனுப்பினோம். அவர் பெரிய மனசு, கையெழுத்து போட்டு, கீழ "என் அத்தை உங்க ஊர்ல இருந்து கார்ல ரெண்டு மணி நேரத்துல இருக்காங்க"ன்னு எழுதி அனுப்பினார். அழைப்புக் கடிதத்துலயே "இவ்ளோ பேசியிருக்கோம், இதுல 15 சதவீதம் பிடிப்போம், வெய்வர் வேணும்னா இந்தத் தேதிக்குள்ள சொல்லுங்க"ன்னு எழுதிடுங்க, முடிஞ்சா கையில போய்ச் சேர வேண்டிய தொகையைக் கணக்குப் பண்ணி மேல கூட்டிப் போடச் சொல்லிக் கேளுங்க.

போக்குவரத்துச் செலவை ஹானரேரியத்தோட சேத்து "எல்லாம் சேத்து 2000"ன்னு பேசவே பேசாதீங்க. ரசீது வெச்சுத் திருப்பிக் குடுக்கிற டிக்கெட், ஹோட்டல் செலவு வருமானத்துல வராது, ஒண்ணாச் சேத்தா அத்தனைக்கும் வரி பிடிச்சுடுவாங்க. இதோட எஃபெக்ட் பாட்டி விஷயத்துல வேற மாதிரி வந்துச்சு, அதைக் கடைசியில சொல்றேன்.

நடுவுல ஒண்ணு, "பூர்வகுடி ஆளுங்களுக்குத்தான் வரியே கிடையாதே"ன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார், நம்ம ஆளுங்களும் டிம் ஹார்ட்டன்ஸ்ல உக்காந்து இதையே சொல்றதைக் கேட்டிருக்கேன். தப்பு. இண்டியன் ஆக்ட்ங்கிற பூர்வகுடி மக்களுக்கான சட்டத்தோட 87-வது பிரிவுப்படி ஸ்டேட்டஸ் (அரசாங்கப் பதிவு) இருக்கிறவங்களுக்கு, ரிசர்வ்ல (அவங்களுக்குன்னு ஒதுக்கின நிலம்) இருக்கிற சொத்துக்கும் ரிசர்வோட சம்பந்தப்பட்ட வருமானத்துக்கும்தான் விலக்கு. மெட்டி (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு மரபு), இன்யூட் மக்களுக்கு அதுவும் இல்ல. டொரோன்டோ கேம்பஸ்ல வந்து பேசினதுக்கு வாங்குற காசு பொதுவா அந்த விலக்குல வராது. அதனால ஸ்டேட்டஸ் கார்டு காப்பி குடுங்கன்னு சும்மா போய்க் கேக்காதீங்க, கேட்டும் பிரயோஜனம் இல்ல, மனசு நோகும்.

நம்ம ஊர்லேருந்து பேச வர்றவங்களுக்கும் இதே 15 சதவீதம்தான். போன வருஷம் சென்னையிலேருந்து வந்த ஒரு பேராசிரியருக்கு வயர் அனுப்பினப்ப வேற கூத்து. பாஸ்போர்ட்ல அவரோட அப்பா பேர் சர்நேமா இருக்கு, பேங்க் அக்கவுண்ட்ல வெறும் இனிஷியல். பேர் பொருந்தலன்னு வயர் திரும்பி வந்துடுச்சு, போக ஒரு சார்ஜ், வர ஒரு சார்ஜ். பேங்க் பாஸ்புக்ல எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே வாங்குங்க, நடுவுல இருக்கிற பேங்க் பிடிக்கிற சார்ஜை அனுப்புறவங்களே ஏத்துக்கிற மாதிரி வயர் ஃபார்ம்ல டிக் பண்ணச் சொல்லுங்க. பேச்சாளரா சில நாளுக்கு வர்றவங்களுக்கு வொர்க் பெர்மிட் தேவையில்ல, பேச்சுக்கு, அஞ்சு நாளைத் தாண்டாத செமினாருக்குன்னு தனி விதியே இருக்கு, விசா லெட்டர்ல அதைத் தெளிவா எழுதிக் குடுத்துடுங்க.

பாட்டிக்கு வண்டிக் காசு பாக்கின்னேன் இல்ல. 2024-க்கு சி.ஆர்.ஏ நியாயம்னு ஒத்துக்கிட்ட ரேட் முதல் 5000 கிலோமீட்டர் வரைக்கும் கிலோமீட்டருக்கு 70 சென்ட், எங்க யூனிவர்சிட்டி ரேட் 58. ஆயிரம் கிலோமீட்டருக்கு 580, வழிச் சாப்பாடு சேத்து 640 வந்துச்சு. கவனிங்க, ஹானரேரியத்தை விட வண்டிக் காசு ஜாஸ்தி, அதை அவங்க முன்கூட்டியே கையிலேருந்து போட்டு வந்திருக்காங்க. ஒருவழியா பைனான்ஸ் மேனேஜரைப் பிடிச்சு செக் போட வெச்சேன். முதல் செக் பாட்டியோட அனிஷினாபே பேர்ல போச்சு, ப்ரோக்ராம் ஷீட்டைப் பாத்து யாரோ டைப் பண்ணிட்டாங்க, பேங்க்ல வாங்க மாட்டேன்னுட்டான். ரெண்டாவது செக் கெளம்பின நேரம் நவம்பர் 15, கனடா போஸ்ட் ஸ்ட்ரைக். டிசம்பர் 17 வரைக்கும் நாடு முழுக்கத் தபால் அசையல. கூரியர்ல அனுப்பலாம்னா பி.ஓ. பாக்ஸுக்கு கூரியர் போகாது. வாரா வாரம் நான் போன் பண்ணி மன்னிப்புக் கேப்பேன், பாட்டி "பனி எப்படி இருக்கு அங்க"ன்னு பேச்சை மாத்துவாங்க. ஒரு தடவைகூட காசு எங்கன்னு அவங்களாக் கேக்கல. அதுதான் எனக்கு ரொம்பக் குத்துச்சு. செக்ல போட்ட பேர் என்ன, அது எந்த வழியாப் போகுதுன்னு ரெண்டையும் நீங்களே பாத்துடுங்க, "அனுப்பியாச்சு"ன்னு பைனான்ஸ்ல சொன்னா அது பில்டிங்கை விட்டுக் கெளம்பிடுச்சுன்னுதான் அர்த்தம்.

முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். மார்ச்ல பாட்டியோட ஹெல்ப்பர் போன் பண்ணார். டி4ஏ வந்திருக்காம், 640 டாலர் கட்டணமாச் சம்பாதிச்சதா. நான் குடுத்த ரொக்கம் சிஸ்டத்துலயே இல்ல, ஆனா வண்டிக் காசைத் தப்பான அக்கவுண்ட் கோடுல (code), சேவைக் கட்டணம்னு போட்டிருக்காங்க, 500-ஐத் தாண்டினதால ஸ்லிப் தானா அடிச்சு வந்திருக்கு. இதுல என்ன போச்சுன்னு தோணும். பாட்டி வாங்குறது ஓ.ஏ.எஸ்-ங்கிற முதியோர் பென்ஷனும், வருமானம் கம்மியா இருக்கிற முதியவங்களுக்குக் குடுக்கிற ஜி.ஐ.எஸ்-ஸும். முந்தின வருஷ வருமானத்தைப் பாத்துத்தான் ஜூலைலேருந்து ஜி.ஐ.எஸ். எவ்ளோன்னு முடிவு பண்ணுவாங்க. பெட்ரோலுக்குச் செலவான காசு வருமானமா ஏறினா பென்ஷன்ல இடிக்கலாம். எல்டர்களை இப்படி வருஷத்துக்குப் பல இடத்துல கூப்பிடுறாங்க, ஒவ்வொரு இடத்துலயும் இந்த மாதிரி ஒரு கோடு தப்பினா என்ன ஆகும்னு பாத்துக்கோங்க.

பைனான்ஸ்ல முதல்ல "அவங்க ரிட்டர்ன்ல செலவாக் கழிச்சுக்கட்டும்"னாங்க. ரிட்டர்ன் போட்டுக் குடுக்க பாட்டி ஊர்ல யார் இருக்கா, இலவச டேக்ஸ் க்ளினிக் வர்ற அன்னைக்குத்தான் அவங்களுக்கே முடியும். விடல நான், தப்பான ஸ்லிப்பை நீங்க ரத்து பண்ணித்தான் ஆகணும்னு மைலேஜ் ஃபார்மையும் சாப்பாட்டு பில்லையும் இணைச்சு மேல மேல அனுப்பினேன். ஏப்ரல் 30 கெடுவுக்கு முன்னாடி ரத்து பண்ணின காப்பி வந்துச்சு, இந்தத் தடவை சட்பரி பக்கம் போன சென்டர் ஆளு கையிலயே குடுத்து விட்டேன். டி4ஏ ஃபிப்ரவரி கடைசிக்குள்ள போகணும், அதனால ஜனவரி முதல் வாரத்துலயே உங்க பைனான்ஸ்கிட்ட போய், எங்க டிபார்ட்மெண்ட் பேர்ல இந்த வருஷம் யார் யாருக்கு ஸ்லிப் போகுது, எந்தக் கோடுலன்னு லிஸ்ட் கேளுங்க. குடுக்க மாட்டாங்க முதல்ல. திரும்பக் கேளுங்க.